சாரதிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பயந்தவள் என்றால் அப்படி இப்படிப் பயந்தவள் இல்லை சோபனா. காஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தரம் திருகிப் பார்ப்பாள். கேற்றுக்குக் கொக்கி போட்டுவிட்டு வாசல்படி ஏறியவள், திரும்பிப் போய் அதை இழுத்துப் பார்ப்பாள். திருகோணமலை லிங்கநகரில் அவர்களுடைய ஒழுங்கைக்குள் தெரியாத வாகனம் ஏதாவது வந்து நின்றால், அது யாருடைய வீட்டுக்கு வந்தது என்று தெரியும்வரை அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் பயமில்லை. அது பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். கணவன் தயா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற வளவுக்குள் ஸ்டோர் கீப்பர். வாசலில் பாஸ் காட்டி உள்ளே போகிற வேலை. "உமக்கு உம்மட நிழலைக் கண்டாலும் பயம்" என்று அவன் பகிடி பண்ணுவான். பண்ணட்டும். நிழலுக்குள் ஆள் நின்ற காலத்தில் அவன் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு என்ன தெரியும்.

இப்படிப்பட்டவள், நாலு வருசமாக யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். கதை எழுதிக்கொண்டிருந்தாள்.

அதுவும் சொந்தக் கதை கிடையாது. ஃபான் ஃபிக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சி நாடகத்தில் வருகிற ஆட்களை எடுத்து, நாடகக்காரர் சொல்லாமல் விட்ட மிச்சக் கதையை ரசிகர்கள் தாங்களே எழுதுவது. அடுத்தவள் பெற்ற பிள்ளைக்கு நம் வீட்டில் வைத்துச் சோறு தீத்துகிற மாதிரி. 'கரையோர மாளிகை' என்று சென்னையிலிருந்து வருகிற நாடகம் ஒன்று. ஒரு பணக்கார வீடு, நாலு மருமகள்மார், நாலு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கேலாது. திருகோணமலையில் பின்னேரம் அந்த நாடகம் ஓடாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். ரசிகைகள் எல்லாரும் அந்த மருமகள்மாரைப் பற்றி எழுதினார்கள். சோபனா எழுதியது அந்த வீட்டுக் காரோட்டியைப் பற்றி.

அந்தக் காரோட்டிக்கு நாடகத்தில் பெயர்கூட இல்லை. கதவைத் திறப்பான், கதவைச் சாத்துவான், கார் போகும். வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள், கார் வளைவில் திரும்பும்போது, அவன் இடது கையைச் சுக்கானின் மேல் நுனியில் வைத்துக்கொண்டு தலையைச் சற்றுச் சரித்தான். சோபனா தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். அது அவளுடைய அண்ணன் கிரிசாந் வான் ஓட்டுகிற விதம். முகம் வேறு, நிறம் வேறு, ஆனால் அந்தக் கையும் தலையும் அவனுடையவைதான்.

கிரிசாந் பதினெட்டு வருசத்துக்கு முதல் போனவன். சாம்பல்தீவில் வாடகைக்கு வான் ஓட்டினான். ஒரு நாள் விடிய ஹயர் என்று கூப்பிட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனான். அவனும் வரவில்லை, வானும் வரவில்லை. அவர்களுடைய தாய் அன்னலட்சுமி அவனுடைய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறாத முகாம் இல்லை, போகாத கந்தோர் இல்லை. பிறகு ஆட்கள் வந்து, மரணச் சான்றிதழ் எடுத்தால் ஏதாவது உதவி கிடைக்கும் என்றார்கள். "என்ர பிள்ளையின்ர உடம்பைக் காட்டுங்கோ, கடுதாசி வாங்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுடைய வீட்டில் அவன் படம் கல்யாணப் படங்களோடு தொங்குகிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை. அவன் செத்திருப்பான் என்று அந்த வீட்டு வாசலில் நின்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிவு கிடையாது. தகப்பன் அருளம்பலம் ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சாகுமட்டும் அன்னலட்சுமி அவரோடு நேராய் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

ஆகவே சோபனா அண்ணனைப் பற்றி யாரோடும் கதைக்கேலாது. தாயோடு கதைத்தால் அவள் நம்பிக்கையில் கை வைத்ததாகிவிடும். தயாவோடு கதைத்தால், பழசைக் கிளறாதே என்பான். அதனால் எழுதினாள்.

காலையில் தயாவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை தாண்டியதும், கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு உலையை வைப்பாள். குசினி அலுமாரியில் சாய்ந்து நின்றபடி, வலது கை கறியைக் கிண்ட, இடது கைப் பெருவிரலால் போனில் எழுதுவாள். மீன் வெட்டும்போது எழுதேலாது, அப்போது யோசிப்பாள். கதை ஓடாத நாட்களில் முன்விறாந்தையில் வளர்க்கிற அந்தூரியத்தின் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். அந்த இலைகள் பளபளவென்று இருந்தால் கதை மாட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். எழுதி முடித்ததும் கதை ஆப்பில் போட்டுவிட்டு, பயத்தில் போனை மா போட்டு வைக்கிற தகரப் பேணிக்குள், அந்த மாப்பேணிக்குள் வைத்து மூடிவிடுவாள். கொஞ்ச நேரம் போன பிறகு மெதுவாக மூடியைத் திறந்து, இதயப் படங்கள் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பாள். வந்திருந்தால் அன்றைக்குச் சட்டி பானைகூடச் சிரித்துக்கொண்டே கழுவப்படும். அங்கே அவளுடைய பெயர் சங்குப்பூ.

கதையில் காரோட்டிக்குக் கிரிசாந் என்றே பெயர் வைத்தாள். சாம்பல்தீவில் பிறந்தவன். ஒரு பெரிய பயத்திலிருந்து தப்பிச் சென்னைக்கு வந்தவன். வீட்டுக்குத் தகவல் அனுப்பினால் வீட்டுக்காரருக்குக் கரைச்சல் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு கார் ஓட்டுகிறான். லோஜினி என்கிற நல்ல பெட்டையைக் கட்டினான். சிவானுஜா என்று ஒரு மகள் பிறந்தாள். சம்பள நாளில் கடற்கரைக்குப் போய், இலங்கை இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று பிள்ளைக்குக் கை நீட்டிக் காட்டுவான். ஓர் அத்தியாயத்தில் அவன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. தாய் தகப்பனின் பெயரைக் கேட்டார் ஐயர். சோபனாவின் பெருவிரல் பொய்ப்பெயர் தேடவில்லை. அருளம்பலம், அன்னலட்சுமி என்று எழுதிவிட்டாள். பிழைதான். ஆனால் உண்மைப் பெயரைச் சொல்லி ஒரு அர்ச்சனையாவது நடக்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. தன்னுடைய பெயரை மட்டும் எங்கும் போடவில்லை. அந்தளவுக்கு அவளுக்குத் துணிவு இருக்கவில்லை.

நாலு வருசம் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகு ஒரு நாள் மாப்பேணியைத் திறந்தபோது, றுமானா என்கிற வாசகி எழுதியிருந்தாள். நல்ல பிள்ளை, முதலாம் அத்தியாயத்திலிருந்து தவறாமல் வாசிக்கிறவள்.

"சங்குப்பூ அக்கா, இந்தச் சாரதி உண்மையான ஆளா? சாம்பல்தீவில கிரிசாந் எண்டு ஒருத்தர் வான் ஓட்டினவராம். எங்கட வாப்பா அவர்ட வானில போயிருக்காராம். அவர் இப்ப எங்க?"

அவர் இப்ப எங்க. இந்தக் கேள்வியைச் சோபனா இரண்டு பக்கத்தாலும் கேட்டு வளர்ந்தவள். தெரியாத ஆட்கள் கேற்றில் நின்று கேட்டிருக்கிறார்கள். அவளும் தாயும் தெரியாத ஆட்களின் கேற்றில் நின்று கேட்டிருக்கிறார்கள். றுமானா யார், அவளுடைய வாப்பா யார், இதை வேறு யாரிடம் சொன்னார்கள். கதையில் சாரதி எந்தப் பயத்திலிருந்து தப்பினான் என்று விளக்கமாக எழுதியிருக்கிறாளே, அதை யாராவது எடுத்து வைத்துக்கொண்டு தயாவின் பாஸில் கை வைத்தால் என்ன செய்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது அம்மாவின் காதுக்குப் போனால். என் பிள்ளையை வைத்து நாடகம் எழுதினாயா என்று அம்மா கேட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கேலாது.

அந்தூரியம் இலைகள் மூன்று நாள் பளபளத்தன. நாலாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பயந்தவர்களின் யோசனைகள் இப்படித்தான், வாசலை அடைக்கப் போய் வீட்டையே இடித்துவிடும். செத்த ஆளைப் பற்றி எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கதையை முடித்துவிட்டால் கேள்வியும் முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை கடைசி அத்தியாயத்தை எழுதினாள். சாரதிக்குக் காய்ச்சல். ஆசுபத்திரியில் வெள்ளைத் துணி விரித்த கட்டில். லோஜினி கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மகள் கால்மாட்டில் இருக்கிறாள். தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். அவ்வளவுதான். அடி இல்லை, கட்டு இல்லை, இருட்டு இல்லை. எழுதும்போது சோபனா குசினி நிலத்தில் குந்தியிருந்து வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்குக் கறி அடிப்பிடித்தது. "என்ன, மணக்குது" என்றான் தயா. போன் பார்த்ததில் மறந்துபோனேன் என்றாள். அதில் பொய் இல்லை.

புதன்கிழமை நிம்மதியாகப் போனது. வியாழக்கிழமை காலை பத்து மணி போல ராசமலரக்கா போன் எடுத்தாள். சாம்பல்தீவில் அன்னலட்சுமிக்குப் பக்கத்து வளவுக்காரி. ஊரில் ஒரு விசயம் நடந்தால் நடந்தவருக்கு முதல் அவளுக்குத் தெரியும்.

"சோபனா, நீ இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"எங்க அக்கா?"

"என்ன பிள்ளை இப்பிடிக் கேக்கிறாய். கொண்ணன் கிரிசாந்தின்ர நோட்டீஸ் வட்ஸ்அப்பில வந்திருக்குது. உனக்கு வரேல்லையோ? அம்மாவுக்கு நான்தான் வாசிச்சுக் காட்டினனான். ஆராவது சொல்லத்தானே வேணும்."

போன் டிங் என்றது. ராசமலரக்கா அனுப்பியிருந்தாள்.

கறுப்புக் கரை போட்ட நோட்டீஸ். படம் இருக்க வேண்டிய இடத்தில் குத்துவிளக்கு.

"கண்ணீர் அஞ்சலி. அமரர் அருளம்பலம் கிரிசாந். திருகோணமலை சாம்பல்தீவைப் பிறப்பிடமாகவும், சென்னையை வதிவிடமாகவும் கொண்ட அருளம்பலம் கிரிசாந் அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையில் மனைவி, மகள் அருகிருக்க இறைபதம் அடைந்தார். அன்னார் அருளம்பலம் அன்னலட்சுமி தம்பதிகளின் அன்பு மகனும், லோஜினியின் ஆருயிர்க் கணவரும், சிவானுஜாவின் பாசமிகு தந்தையும் ஆவார்."

நமது ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆள் கண்ணை மூடி உடம்பு ஆறுவதற்குள் நோட்டீஸ் ஊரைச் சுற்றி, கடல் கடந்து, கனடாவில் இருக்கிற மச்சானின் போனில் போய் நிற்கும். வாசிக்கிறவரும் முதலில் பெயரைப் பார்ப்பார், பிறகு ஊரைப் பார்ப்பார், பிறகு யாருடைய மகன், யாரைக் கட்டியது என்று பார்ப்பார். அந்த நாலும் சரியென்றால் பிறகு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள்.

சோபனா றுமானாவுக்குச் செய்தி போட்டாள். உடனே பதில் வந்தது. அவள் டவுனில் ஓர் அச்சுக் கடையில் டிசைன் வேலை செய்கிறவளாம். நாள் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் என்று இதே நோட்டீஸ்கள்தான். "அழுது முடியல்ல அக்கா. நம்மட சாரதிக்கு ஒரு மரியாதை செய்வம் எண்டு எல்லா விபரமும் உங்கட கதையில இருந்து எடுத்துச் செஞ்சன். கீழ 'கரையோர மாளிகை வாசகிகள்' எண்டு போட்டிருந்தன் தானே. நம்மட வாசகிகள் குரூப்பில மட்டும்தான் போட்டன்." குரூப்பில் இருந்து ஒருத்தி ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த ஒருவர் படம் பிடித்து அனுப்பியபோது கீழ் வரி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

ஒழுங்கை முகப்பில் நின்ற ஜவ்பர் நானாவின் ஓட்டோவில் ஏறினாள். நிலாவெளி வீதியால் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிரசர். இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு தரம் விழுந்து, பெரியாசுபத்திரியில் ஒரு கிழமை கிடந்தவள். பதினெட்டு வருசமாகப் பிள்ளை இருக்கிறான் என்கிற ஒரே பிடியில் எழும்பி, முகம் கழுவி, சோறு சமைத்து நடமாடுகிற மனிசி. அந்தப் பிடியைத் தன் மகளே ஒரு செவ்வாய்க்கிழமை குசினியில் குந்தியிருந்து வெட்டிவிட்டாள். அம்மாவுக்கு ஏதாவது நடந்தால் அதைச் செய்தது இந்தப் பெருவிரல்தான். "கொஞ்சம் கெதியாப் போங்கோ நானா" என்றாள். போகாமலே இருந்தாலும் நல்லது என்றும் இருந்தது. சாம்பல்தீவுப் பாலத்தைக் கடக்கும்போது ஓட்டோவைத் திருப்பச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். வெட்கக்கேடுதான், ஆனால் யோசித்தாள்.

முற்றத்தில் ஏற்கனவே பிளாஸ்டிக் கதிரைகள் வந்துவிட்டன. ஏழெட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அது அவளை இன்னும் பயப்படுத்தியது. ராசமலரக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா அழுறா இல்லை பிள்ளை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. குளிச்சா, சீலை மாத்தினா, அறைக்குள்ள போய் ஏதோ எடுத்து வைக்கிறா. எங்களுக்குப் பயமாக் கிடக்குது."

சோபனா அறைக்குள் போனாள். அன்னலட்சுமி கட்டிலில் ஒரு பையை வைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற மண்ணிறச் சீலையைக் கட்டியிருந்தாள். தலை ஈரமாக இருந்தது. மகளைக் கண்டதும் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. பல வருசமாகச் சோபனா அந்த முகத்தைக் கண்டதில்லை.

"வந்திட்டியோ. நல்லது. உன்ர போனில இருந்து சென்னைக்கு எடுக்கேலுமோ?"

"அம்மா, இருங்கோ முதல்ல."

"இருக்க நேரமில்லை. நான் சொன்னனான் தானே. சொன்னனானோ இல்லையோ? இருந்திருக்கிறான். கலியாணம் முடிச்சு, ஒரு பிள்ளையும் பெத்து, குடும்பமா இருந்திருக்கிறான். என்னை விசரி எண்டு கதைச்ச சனம் முழுக்க வெளியில கதிரையில இருக்குது. பாத்தனீ தானே."

"அம்மா, அதில அவன் செத்துப்போனான் எண்டெல்லோ..."

"ஓம், செத்துப்போனான்." பையில் வைத்த சீலையொன்றை எடுத்துத் திரும்ப மடித்தாள். "எல்லாரும் சாகிறதுதான். போன செவ்வாய்க்கிழமை மட்டும் என்ர பிள்ளை இருந்தவன், அதை யோசி. மனிசிக்காரி பக்கத்தில இருந்திருக்கிறாள். நான் இவ்வளவு வருசமும் என்னத்தையெல்லாம் நினைச்சு நினைச்சுப் படுத்தனான் எண்டு உனக்குத் தெரியுமோ?"

தலையணைக்குக் கீழே இருந்து ஒரு சின்னச் சிவப்பு டப்பியை எடுத்தாள். உள்ளே ஒரு சோடித் தங்கத் தோடு. கிரிசாந்துக்கு வருகிறவளுக்கென்று அவன் முதல் வாடகைக் காசில் வாங்கிக் கொடுத்தது. இடம்பெயர்ந்து ஓடின காலத்திலும் அன்னலட்சுமி அதை அடைவு வைக்கவில்லை.

"மருமகளுக்கு எண்டு வச்சிருந்தனான். இப்ப பேத்தி இருக்கிறாள். அவளுக்குக் கொடுப்பம். எத்தினை வயசு இருக்கும் பிள்ளைக்கு? நோட்டீஸில போடேல்லை. உன்ர பேரையும் விட்டிட்டினம். மருமகளுக்கு உன்னைத் தெரியாதாக்கும், குறை நினையாதை."

வருகிற வழியெல்லாம் சோபனா பயந்தது, செத்தான் என்று கேட்டு அம்மா விழுந்துவிடுவாள் என்று. இப்படி ஒன்று வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால், மகனின் சாவை மட்டும் திருப்பி எடுக்கேலாது. அதோடு சேர்த்து மருமகளை எடுக்க வேண்டும், பேத்தியை எடுக்க வேண்டும், வெள்ளைத் துணி விரித்த கட்டிலை எடுக்க வேண்டும். அம்மா திரும்பவும் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தாள். ஆனால் அம்மா பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கதவைச் சாத்தினாள்.

"அம்மா, லோஜினி எண்டு ஒருத்தரும் இல்லை."

"என்ன?"

"நான் எழுதினது. போனில ஒரு கதை எழுதுறனான். அதில அண்ணாவை எழுதினனான். அதைப் பாத்து ஒரு பிள்ளை நோட்டீஸ் அடிச்சது. உண்மையெண்டு நினைச்சு ஆக்கள் அனுப்பிப்போட்டினம்."

அன்னலட்சுமி அவளைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் இருந்தாள்.

"சிவானுஜா?"

"அதுவும் நான் எழுதினது."

"ஆசுபத்திரியில செத்தது?"

"அதுவும் நான் எழுதினது அம்மா."

வெளியே கதிரையொன்று இழுபடுகிற சத்தம் கேட்டது. அன்னலட்சுமி டப்பியை மூடினாள், திறந்தாள், திரும்ப மூடினாள். சோபனா அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த நேரமும் சரிந்துவிடுவாள் என்று இரண்டு கையையும் நீட்டத் தயாராக வைத்திருந்தாள்.

"காட்டு" என்றாள் தாய்.

சோபனா போனைத் திறந்து, முதலாம் அத்தியாயத்தை எடுத்துச் சத்தம் வெளியே போகாமல் வாசித்தாள். சாரதி கதவைத் திறந்தது, இடது கையைச் சுக்கானின் மேல் வைத்தது, தலையைச் சரித்தது. அந்த இடத்தில் அன்னலட்சுமி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவன் அப்பிடித்தான் ஓட்டுறவன்."

"ஓம்."

"எவ்வளவு காலமா எழுதுறாய்?"

"நாலு வருசம்."

"நாலு வருசமா என்ர பிள்ளை சென்னையில இருந்திருக்கிறான், எனக்கு ஒரு சொல் நீ சொல்லேல்லை." பிறகு குரல் தாழ்ந்தது. "ஏன் சாகவிட்டனீ?"

"பயந்திட்டன் அம்மா. ஒரு பிள்ளை கேட்டது, அவர் இப்ப எங்க எண்டு. எனக்குப் பழசெல்லாம் வந்திட்டுது. செத்தெண்டு எழுதினா ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

"எத்தினை கந்தோரில எத்தினை பேர், செத்திட்டான் எண்டு ஒரு கையெழுத்து வை எண்டு கேட்டவங்கள். உன்ர கொப்பரும் கேட்டவர். நான் வச்சனானோ? பதினெட்டு வருசம் நான் அவனைச் சாக விடேல்லையடி. நீ ஒரு செவ்வாய்க்கிழமை, கறி கொதிக்கிற நேரத்துக்குள்ள, சாகவிட்டிட்டாய்."

சோபனா அழத் தொடங்கினாள். தாய் அவளைத் தேற்றவில்லை. எழுந்து, சீலையைச் சரி செய்துகொண்டு வெளியே போனாள். சோபனா உள்ளே நின்று கேட்டாள்.

"அது வேற ஆளாம். பேர்தான் ஒண்டு. மகள் போன் எடுத்துக் கேட்டவள். ராசமலர், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்து. குடிச்சிட்டுப் போகட்டும். கதிரையளைக் கொண்டுபோய்க் குடு."

"தாய் தேப்பன்ர பேரும் சரியாக் கிடந்ததே மாமி" என்றது ஒரு குரல்.

"கிடக்கும். ஊரில ஒரு அன்னலட்சுமிதான் இருக்கோணும் எண்டு சட்டமோ?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த வாசலில் நின்று அவளோடு வாதாட முன்பும் யாருக்கும் துணிவு இருந்ததில்லை.

முற்றம் வெறுமையானதும் அன்னலட்சுமி அறைக்குள் வந்தாள். கதவைச் சாத்தினாள். மகளுக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்தாள். தோள் தோளில் முட்டியது. அவளுடைய உடம்பு முழுக்க மெல்லிதாக நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் சோபனா உணர்ந்தாள். அம்மாவும் பயந்துதான் இருந்தாள். பதினெட்டு வருசமும் பயந்துதான் இருந்திருக்கிறாள்.

"எழுது" என்றாள்.

"என்னத்தை?"

"அவன் சாகேல்லை எண்டு. இப்ப எழுது, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"கதை முடிஞ்சுது அம்மா. எல்லாரும் வாசிச்சிட்டினம். காய்ச்சல் வந்து கண்ணை மூடிட்டான் எண்டு எழுதியாச்சு."

"கண்ணை மூடினவன் நித்திரை கொள்ளலாம். காய்ச்சல் விட்டா ஆக்கள் அப்பிடித்தான் நித்திரை கொள்ளுறது. பக்கத்துக் கட்டில்காரன்தான் செத்தவன். ஆசுபத்திரியில பேர் எழுதின துண்டு மாறிப்போச்சுது. அப்பிடி எழுது."

சோபனா பெருவிரலை வைத்தாள், எடுத்தாள். "அப்ப அவனுக்கும் ஒரு தாய் இருப்பாவே அம்மா. பக்கத்துக் கட்டில்காரனுக்கு."

அன்னலட்சுமி யன்னல் பக்கம் திரும்பினாள். யன்னலுக்கு வெளியே வேலியில் காயப்போட்ட துவாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"அவனுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு எழுது" என்றாள் கடைசியில். "பாவம். ஒருத்தரும் இல்லை. லோஜினி அவனுக்கும் ஒரு விளக்குக் கொளுத்தினவள் எண்டு எழுது."

சோபனா எழுதினாள். சொல் சொல்லாகத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். ஓர் இடத்தில் அன்னலட்சுமி திருத்தினாள். கிரிசாந் எழும்பியதும் கேட்டது தண்ணீர் இல்லை, பால் விடாத பிளேன்ரீ. அவன் காய்ச்சலில் தண்ணீர் குடிக்கமாட்டான். கதை ஆப்பில் போட்டபோது சோபனாவுக்குப் போனை வைக்க மாப்பேணி இருக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு நிமிசத்தில் டிங் என்றது. றுமானா.

"அல்ஹம்துலில்லாஹ் அக்கா. இருக்காரா? உண்மையா இருக்காரா?"

அன்னலட்சுமி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஆர் பிள்ளை இது?" என்றாள். நோட்டீஸ் அடித்த பிள்ளை என்றாள் சோபனா. "ஓம், இருக்கிறார் எண்டு போடு" என்றாள் தாய். சோபனா போட்டாள்.

வெயில் ஏறிவிட்டது. தயா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் எடுப்பான், எங்கே என்று கேட்பான், அவனுக்கு என்ன சொல்வது என்று ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் இப்போது சின்னதாகத் தெரிந்தது. யாராவது வாசித்துவிடுவார்களோ என்றுதான் இவ்வளவு காலமும் அவள் பயந்தாள். இனி எழுதாமல் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் பயம். ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்தாலும், பெருவிரல் வலித்தாலும், சலித்துப்போனாலும், அவனை நிறுத்தேலாது. அம்மா இருக்குமட்டும் அவன் கார் ஓட வேண்டும்.

அன்னலட்சுமி பையைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். சிவப்பு டப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக்குக் காது குத்தினதோ எண்டு நீ எழுதேல்லை."

"இல்லை அம்மா."

"நாளைக்கு அதை எழுது" என்றாள். டப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, குசினிக்குப் போய் அரிசி கழுவத் தொடங்கினாள்.